ஆறாவது செதில்

டீத் தம்ளர் கைக்கு வந்ததும் அக்கா குடித்துவிட மாட்டார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு தடவை முகர்வார். அப்புறம் கடைக்காரரிடம் கேட்பார்.

"அண்ணே, இதுல இன்னா கலந்துகீது?"

"இன்னாம்மா தெனமும் இதே கேள்வி? டீத்தூளு, பாலு, சக்கர."

"காலைல போட்ட பழைய தூளு?"

கடைக்காரர் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்ப்பார். "அதுவும் கொஞ்சம் கீது."

"அப்ப சரி." ஒரே மூச்சில் குடித்துவிடுவார்.

முதல் நாள் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பழைய தூள் என்று தெரிந்த பிறகு எதற்குக் குடிக்க வேண்டும்? கேட்டேவிட்டேன். அக்கா தம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டே சொன்னார்: "கலந்துகீறது தப்பில்லடி. கலந்துகீதுன்னு தெரியாம குடிக்கறதுதான் தப்பு."

அக்காவுக்குப் புதூர்நாட்டுப் பக்கம், ஜவ்வாது மலை மேல் ஒரு சின்ன ஊர். எனக்குக் கண்ணமங்கலம். மலைக்குக் கீழே சமவெளியில் எங்கள் கல்லூரி. நான் எம்.எஸ்ஸி. கடைசி வருடப் புராஜெக்ட் செய்ய அந்த லேபுக்குள் நுழைந்தபோது அக்கா ஆராய்ச்சிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தார். லேபில் பக்கத்துப் பக்கத்து மேசை, விடுதியில் ஒரே அறை. ஆக, ஒரு வருடம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

வதந்தி கொண்டு போனாலும் விட மாட்டார். ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிப்போய், விடுதி வார்டன் வேலையை விட்டுப் போகிறார் என்றேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"இதுல நீ பாத்தது எவ்ளோ?"

"பொட்டி கட்டி வெச்சிருந்தாங்கக்கா. கண்ணால பாத்தேன்."

"வேலைய வுட்டுப் போறாங்கன்றது?"

நான் யோசித்தேன். "அது நானா சேத்தது."

"ம். பொட்டிய வெச்சுக்கோ, மிச்சத்த குப்பைல போடு." வார்டன் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

அக்கா என்ன ஆராய்ச்சி செய்தார் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பயப்பட வேண்டாம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மாலிப்டினம் டைசல்பைடு என்று ஒரு பொருள். பென்சில் முனை மாதிரி கறுப்பாகப் பளபளக்கும். நோட்டுப் புத்தகத்தில் தாள்கள் இருப்பது மாதிரி உள்ளே அடுக்கடுக்காக இருக்கும். அதன் மேல் டேப்பை ஒட்டிப் பிய்த்தால் சில அடுக்குகள் டேப்போடு வந்துவிடும். டேப்பை மடித்து மடித்துப் பிரித்தால் அவை இன்னும் மெலியும். கடைசியில் ஒரு சின்ன சிலிக்கான் தகட்டில் ஒட்டி எடுத்தால், மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரிகிற செதில்கள் கிடைக்கும். அவ்வளவு மெல்லிய செதிலில் சூடு எப்படி ஓடுகிறது? இதுதான் அக்காவின் கேள்வி.

அதில் ஒரு விசேஷம் உண்டு. மாலிப்டினம் என்கிற உலோகத்தின் அணுக்களில் ஏழு எடைகள் இருக்கின்றன. ஐசோடோப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: வேதியியலில் எல்லாம் ஒன்று, தராசில் மட்டும் வேறு வேறு. மண்ணிலிருந்து எடுக்கும் மாலிப்டினத்தில் ஏழும் கலந்துதான் இருக்கும். வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்று, ஒரே ஒரு எடையை மட்டும் பிரித்தெடுத்து வளர்த்த படிகம் ஒன்றை அக்காவுக்கு அனுப்பியிருந்தது. மிளகளவுதான் இருக்கும். அதையும் சாதாரணப் படிகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவருடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம்.

எடை மாறினால் சூடு ஏன் மாற வேண்டும் என்று கேட்டேன். அப்போது புளி சீசன். ஒரு சனிக்கிழமை அக்கா என்னை ஊருக்குக் கூட்டிப் போயிருந்தார். புதூர்நாட்டில் ஜீப்பின் மேல் புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திண்ணையிலிருந்து ஜீப் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மூட்டையை மாற்றினார்கள். ஓங்குதாங்கான ஆள், குட்டையான ஆள், நடுத்தரம் என்று கலந்து நின்ற வரிசை. குட்டையானவரிடம் வரும்போதெல்லாம் மூட்டை இறங்கி ஏறித் தடுமாறியது.

"பாத்தியா," என்றார் அக்கா. "சூடுன்றது அணுவோட ஆட்டம்தான். ஒருத்தர் ஆடறத பக்கத்துல கீறவர் வாங்கிக் கொடுக்கறாரு. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா மூட்ட கடகடன்னு ஓடும். கலந்து நின்னா அங்கங்க செதறும்."

"அப்ப குட்டையா இருக்கறவங்கதான் பிரச்சினை."

"அவசரக்குடுக்க. குட்டையாவே எல்லாரும் நின்னா? அப்பவும் ஓடும்டி. யாரும் பிரச்சின இல்ல. கலந்து நிக்கறது ஒரு வெதம், ஒண்ணா நிக்கறது ஒரு வெதம். எது எவ்ளோன்னு அளக்கணும், அவ்ளோதான்."

ஜீப்பில் இருபது பேர் ஏறினோம். அக்கா டிரைவரிடம் குனிந்து, "அண்ணே, டீசல்ல இன்னா கலந்துகீது?" என்றார். "தே, கீழ எறக்கி வுட்ருவேன்" என்றார் அவர். ஜீப் முழுக்கச் சிரிப்பு. அந்தக் கேள்வி மலையிலேயும் பிரசித்தம்தான் போலிருக்கிறது.

லேபில் எங்களோடு ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். சொந்த ஊர்ப் பெருமை, வம்சப் பெருமை பேசாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அக்காவின் முதல் அளவு வந்த அன்று, ஒற்றை எடைச் செதிலில் சூடு நன்றாகவே வேகமாக ஓடியது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா மேடம், கலப்பில்லாததுதான் எப்பவுமே ஒசத்தி. சயின்ஸே சொல்லுது" என்றார். சொல்லிவிட்டு அக்காவின் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். மலையிலிருந்து வந்தவர் என்பதற்காக அந்த லேபில் அக்காவின் மேல் அப்படி ஒரு பார்வை அடிக்கடி விழும்.

அக்கா கோபப்படவில்லை. "ஒசத்தின்னு யாரு சொன்னது? சூடு வேகமா ஓடுதுன்னுதான் சொன்னேன். மார்கழில எங்க ஊருக்கு வாங்க. சூட்ட ஓட வுடறத போத்திக்கினு தூங்குவீங்களா, புடிச்சு வெக்கறத போத்திக்கினா?" என்றார். அக்கா திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஆனால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

செதில் உரிக்கும் வேலை என்னுடையது. எனக்குக் கை வேகம். அதற்கென்றே ஒரு நீல டேப் உண்டு. ரோல் தீர்ந்தால் அடுத்தது வருவதற்கு மூன்று கையெழுத்து வேண்டும், மூன்றும் வெவ்வேறு கட்டடங்களில் இருக்கும். அதனால் எங்கள் லேபில் ஒரு பழக்கம்: டேப்பின் ஒரு முனையில் உரித்துவிட்டு, கைபடாத மறு முனையில் அடுத்த முறை உரிப்போம். எல்லாரும் செய்வதுதான். ஒரே படிகத்துக்கு அப்படிச் செய்தால் தப்பே இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஐந்து மணி கண்ணமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காலையில் சாதாரணப் படிகத்தை உரித்து முடித்திருந்தேன். ரோல் தீர்ந்துவிட்டது. மேசையில் அந்த ஒரு டேப் துண்டுதான் கிடந்தது. மறு முனை சுத்தமாகத் தெரிந்தது. அதிலேயே ஒற்றை எடைப் படிகத்தை உரித்து, தகட்டில் ஒட்டி, டப்பாவில் வைத்து, மூடியில் பெயர் எழுதி, பஸ்ஸையும் பிடித்துவிட்டேன். ஜன்னலோர இடம் கூடக் கிடைத்தது.

அந்தத் தகட்டில் ஆறு செதில்களை அக்கா அளந்தார். தகட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். துளைக்கு மேல் கூரை மாதிரி கிடக்கும் செதிலில் லேசரை விட வேண்டும். லேசர் பட்ட இடம் சூடாகும். சூடு ஓடிவிட்டால் அந்த இடம் லேசாகத்தான் சுடும், ஓடாமல் தேங்கினால் நன்றாகச் சுடும். திரும்பி வரும் ஒளியின் நிறம் எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். ஐந்து செதில்கள் ஒரே மாதிரி சொல்லின: சூடு வேகமாக ஓடுகிறது. ஆறாவது மட்டும் சாதாரணப் படிகம் மாதிரியே நடந்துகொண்டது.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர். படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆறுல அஞ்சு சரியா வந்திருக்கும்மா. அந்த ஒண்ணு அழுக்கு பட்டிருக்கும். எடுத்துடுங்க. மாசக் கடைசிக்குள்ள ஆய்வேட்ட குடுக்கணும், ஞாபகம் இருக்கில்ல?"

யாருக்குத்தான் ஞாபகம் இல்லை! வடக்கே ஒரு பெரிய ஆய்வு நிலையத்தில் அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இருந்தது பன்னிரண்டு நாள்.

அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இந்த ஆறாவதுல இன்னா கலந்துகீதுன்னு தெரியாம எப்படி சார் எடுக்கறது?" என்றார்.

"ஒரு செதிலுக்காக ஒரு வேலைய விட்டுடுவீங்களா?"

"நாலு நாள் குடுங்க சார். ஊர்ல சாமை அறுப்பு. போய்ட்டு யோசிச்சிக்கினு வர்றேன்."

இதெல்லாம் நடந்தபோது நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். 'ஆறாவது' என்ற சொல் காதில் விழுந்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. டேப்பின் அந்தச் சுத்தமான முனை கண் முன்னால் வந்து நின்றது. வாயைத் திறக்கவில்லை. அக்கா படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். போகும்போது, "இன்னாடி மூஞ்சி வெளுத்துக்கினு கீது? சாப்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சாப்பிட்டேன் என்றேன்.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் வேலூர் போய், திருப்பத்தூர் போய், அங்கிருந்து ஜீப் பிடித்து மலை ஏறினேன். அதே டிரைவர். "இன்னா பாப்பா, தனியா வர்ற? உங்க கலப்படம் ஆபீசரு எங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவும் அவர் அம்மாவும் களத்தில் இருந்தார்கள். சாமையைத் தூற்றி முடித்து அம்மா முறத்தைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். கறுப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள் முறத்திலிருந்து உருண்டு தனியாக விழுந்தன. கடுகு. சாமையோடு கலந்து விதைத்தது.

"ஏம்மா கலந்து போடறீங்க, அப்புறம் உக்காந்து பிரிக்கறீங்க?" என்று கேட்டேன். வந்த விஷயத்தைத் தள்ளிப்போட எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

"மழ ஏமாத்திட்டா ஒண்ணாவது வூட்டுக்கு வரும்மா," என்றார் அம்மா. "உருள்றது கடுகு, உருளாதது சாம. பிரிக்கறதுல இன்னா கஷ்டம்? இன்னா போட்டோம்னு தெரிஞ்சா போதும்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ தூரம் கடுகு பாக்க வரலியே நீ?"

சொன்னேன். டேப், வெள்ளிக்கிழமை, ஐந்து மணி பஸ், மறு முனை எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். சொல்லும்போது முறத்தைத்தான் பார்த்தேன்.

அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டார். திட்டினால் தேவலை என்று நான் நினைத்தபோது அக்கா கேட்டது இதுதான்: "மொதல்ல உரிச்சது எது? சாதாரணமா, ஒத்த எடையா?"

"சாதாரணம்க்கா. காலைல."

"அப்ப ஒத்த எட தகட்டுலதான் சாதாரணம் வந்திருக்கும். மடிக்கறப்ப மறு முனைல ஒட்டிக்கினிருக்கும், அதான் அந்த ஆறாவது." விரலால் காற்றில் எதையோ எழுதினார். சட்டென்று நிறுத்திவிட்டார். முகம் மாறியது. என் மேல் வந்த கோபம் இல்லை அது. "நான் இன்னாடி பண்ணேன்? படிகத்த எட பாத்தேன். செதில பாக்கல."

எனக்குப் புரிந்தது. ஒளியின் நிறம் நகர்வது சூட்டைச் சொல்லும். ஆனால் லேசரை மங்கலாக வைத்துச் சூடேற்றாமல் பார்த்தால், நிறம் தொடங்கும் இடமே அணுவின் எடையைச் சொல்லிவிடும். கனமான அணு மெதுவாக ஆடும், லேசானது வேகமாக ஆடும். எங்கள் லேபில் பழைய மாணவர் யாரோ எழுதி வைத்த புரோகிராம் அந்தத் தொடக்கத்தைக் கழித்துவிட்டு, நகர்ந்த அளவை மட்டும் திரையில் காட்டும். வசதிக்காக. தொடக்கம் மூல ஃபைலில் பத்திரமாக இருக்கும். யாரும் திறப்பதில்லை. அக்காவும் திறக்கவில்லை.

"டீக்கடைல கேக்கறேன். டீசலுக்குக் கேக்கறேன். இதுக்குக் கேக்கல பாரு," என்றார். அம்மா என்ன ஏது என்று கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரை மகளிடம் நீட்டினார். இன்னொரு சொம்பை என்னிடம் நீட்டினார்.

மத்தியான ஜீப்பிலேயே கீழே இறங்கிவிட்டோம். ஒரு வளைவில் நான் சாய்ந்து விழப்போனபோது கையைப் பிடித்தார். பிடித்த கையை அடிவாரம் வரைக்கும் விடவில்லை.

மூல ஃபைலைத் திறந்தார். ஆறாவது செதிலின் தொடக்கம் சாதாரணப் படிகத்தின் இடத்தில் இருந்தது. மற்ற ஐந்தும் ஒற்றை எடையின் இடத்தில். பேராசிரியர் துள்ளி எழுந்தார். "அவ்வளவுதாம்மா! பிரச்சினை முடிஞ்சுது. இன்னும் ஒன்பது நாள் இருக்கு, எழுதுங்க."

"இல்ல சார். இந்த அஞ்ச நம்பின மாதிரிதான் சார் அந்த ஆறாவதையும் நம்பினேன். மொதல்லேருந்து அளக்கறேன். பழைய தகட்டையும் சேத்து. ஒவ்வொண்ணுக்கும் எட பாத்துட்டு."

"மாசக் கடைசி?"

"தெரியும் சார்."

மூன்று வாரம் ஆனது. நானும் கூடவே இருந்தேன், செதிலைத் தொடாதே என்று ஒரு தடவை கூட அவர் என்னிடம் சொல்லவில்லை. மாதக் கடைசி என்பது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அக்கா ஒன்பதாவது செதிலை அளந்துகொண்டிருந்தார். சாயங்காலம் டீக்கடையில் தம்ளரை வாங்கிக் கேள்வி கேட்காமல் குடித்தார். கடைக்காரர்தான் பயந்துபோய், "பழைய தூளு கீதும்மா" என்றார். அந்த வடக்கு வேலை போனது போனதுதான். அடுத்த வாரம் இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்தது.

ஆனால் திரும்ப அளந்தபோதும் அளவுகள் மாறவில்லை. அது மட்டுமில்லை. அந்த ஆறாவது செதில்தான் ஆய்வேட்டிலேயே நல்ல படமாகிவிட்டது. அதன் பக்கத்திலேயே ஓர் ஒற்றை எடைச் செதில் கிடந்தது. ஒரே தகடு, ஒரே தடிமன், ஒரே நாள், ஒரே லேசர். மாறினது எடை மட்டும். ஒன்றில் சூடு ஓடியது, பக்கத்திலேயே மற்றதில் தடுமாறியது. இரண்டையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தால்கூட அமைந்திருக்காது. பேராசிரியருக்கு அவ்வளவு சந்தோஷம். "இப்படித்தான் திட்டமிட்டுச் செஞ்சோம்னு எழுதிடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க," என்றார்.

அக்கா எழுதவில்லை. ஒரே டேப் இரண்டு படிகங்களுக்கும் தவறுதலாகப் பயன்பட்டது என்று, படத்துக்குக் கீழே, சின்ன எழுத்திலும் இல்லை, சாதாரண எழுத்திலேயே போட்டார்.

இப்போது அக்கா அடிவாரத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் வேலை பார்க்கிறார். நான் வேறு மாநிலத்தில், போன்கள் சூடாகாமல் பார்த்துக்கொள்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறேன். எப்போதாவது பேசுவோம். அவர் மலை மேல் ஊருக்குப் போயிருந்தால் சிக்னல் வராது. ஆனால் அக்கா என்று நினைத்தாலே எனக்கு ஞாபகம் வருவது அவர் ஆய்வேட்டுக்கு நடந்த பொது வாய்மொழித் தேர்வுதான்.

செமினார் அறையில் நாற்பது பேர். அம்மா முதல் வரிசையில், புதுப் புடவையில். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பெரியவர், கண்டிப்பானவர். அந்தப் படத்தில் வந்து நின்றுவிட்டார். கீழே இருந்த வரியைச் சத்தமாகப் படித்தார். அறையில் யாரோ சிரித்தார்கள். வம்சப் பெருமைக்காரர்தான்.

"தவறுதலா பயன்பட்டதா? யாரு பயன்படுத்தினது?" என்றார் தேர்வாளர்.

அக்கா எதையும் பிரித்துத்தான் சொல்வார். வார்டன் பெட்டியிலேயே பார்த்தது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு என்று பிரித்தவர். டேப் என்னுடையது, ஃபைலைத் திறக்காதது தன்னுடையது என்று கணக்காகச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அதுதான் நியாயமும்கூட.

"நாங்க சார்," என்றார் அக்கா.

"நாங்கன்னா?"

"லேப்ல உரிச்சவங்களும் அளந்த நானும்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்சம் விளையாட்டாகவே கேட்டார்: "எடை எடையா பிரிச்சு அளந்திருக்கீங்க. இதுல உங்க பங்கு எவ்வளவு, அவங்க பங்கு எவ்வளவு?"

அக்கா திரையில் இருந்த இரண்டு செதில்களையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"அத மட்டும் நாங்க அளக்கல சார்."